கடல் கடந்த ஊதியமும் அது தங்கும் கணக்கும்

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்த உச்சிப்புளியையும், அதற்கு வடக்கே பாக் நீரிணையை ஒட்டிய அழகன்குளம், பனைக்குளம் முதலிய ஊர்களையும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஒட்டிய புதுமடம் முதலிய ஊர்களையும் ஒரே வட்டாரமாகக் கொண்டு பார்த்தால், வானம் பார்த்த நிலமும் தென்னையும் மீன்பிடியும் தரும் வருமானத்தோடு, கடல் கடந்து வரும் ஊதியமும் இங்குள்ள குடும்பங்களைத் தாங்கி நிற்பதைக் காணலாம். வெளிநாட்டில் பிழைப்பவரைச் சபுராளி என்று அழைக்கும் வழக்கம் இக்கடற்கரையின் முஸ்லிம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. இந்தச் சபுராளிகளும், அவர்களைப் போலவே வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்றுவரும் பிற சமூகத்தினரும், போய் இறங்கிய நாட்டில் எந்த வங்கியில் கணக்குத் தொடங்குவது என்ற கேள்வியைத் தத்தம் வழியில் எதிர்கொள்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, ஊருக்குப் பணம் அனுப்பினால் என்ன விகிதம் கிடைக்கும் என்று ஒப்பிட்டு விடை காண்பது வழக்கமாகவும் தேவையாகவும் இருக்கிறது. எனினும், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பியே ஆகவேண்டிய ஒருவருக்கு இந்த ஒப்பீட்டுக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கணக்கை முடக்கவும் மூடவும் யாருக்கு அதிகாரம் இருக்கிறது, அதிலுள்ள பணம் சட்டப்படி யாருடையது என்பதே அது.

இக்கேள்வி இந்த மண்ணுக்குப் புதியதன்று. 1985ஆம் ஆண்டு வரை இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த காரைக்குடி வட்டாரத்து நகரத்தார், பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் நடத்திய கொடுக்கல் வாங்கல் தொழிலே அந்நாடுகளுக்குச் சென்ற தமிழர் பலருக்கு முதல் வங்கியாக அமைந்தது. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில், அதாவது பல முதலாளிகளின் முகவர்கள் ஒரே நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியை முன்வைத்து அமர்ந்து கணக்கெழுதிய வணிக இல்லங்களில், வந்தவரின் ஊரும் உறவும் அறியப்பட்டிருந்தன. அங்கே கொடுத்த பணத்துக்கு உண்டியல், அதாவது இன்னாருக்கு இன்ன தொகையைக் கொடுக்க என்று எழுதிய பணச்சீட்டு, ஊரில் செல்லுபடியானது. முகவரிச் சான்றோ சம்பளச் சான்றோ கேட்கப்படாத அந்த ஏற்பாட்டில் பணத்துக்குப் பொறுப்பு ஒரு குடும்பத்தின் பெயர்தான்.

அந்தப் பெயர்களில் பல நாணயம் தவறாதவை. ஆனாலும் நாணயத்தால் மட்டும் பணத்தைக் காக்க முடியாது என்பதை வரலாறு இருமுறை காட்டியது. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் முறிந்து ஆயிரக்கணக்கானோரின் வைப்புத் தொகை கரைந்தபோது, அந்த அதிர்ச்சியிலிருந்து 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. இரண்டாவது அடி பர்மாவில் விழுந்தது. 1937 பிப்ரவரி 10ஆம் நாள் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. கடல் கடந்தவரின் பணம் போகும் வழியும் வரும் வழியும் அந்த ஒரு நாளின் திறப்பிலேயே தெரிகிறது. ஐந்தே ஆண்டுகளில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. 1963இல் பர்மிய அரசு வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. அங்கே வாழ்நாள் முழுவதும் சேர்த்தவற்றின் பெரும்பகுதியை விட்டுவிட்டுத்தான் தமிழர் திரும்பினர். வங்கி திறமையற்றதாக இருந்ததாலோ கணக்கு பிழையாக எழுதப்பட்டதாலோ இது நேரவில்லை. பணம் எந்த அரசின் ஆட்சிக்குள் கிடக்கிறதோ அந்த அரசே அதன் மீது இறுதிச் சொல் சொல்லும் என்பதால் நேர்ந்தது.

உச்சிப்புளிக்குக் கிழக்கே மண்டபத்தில் உள்ள முகாமும் இதையே வேறொரு கோணத்தில் சொல்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை முன்னர் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இந்த இடம், 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியோரை வரவேற்கும் இடைத்தங்கல் முகாமாக மாறியது. அவ்வொப்பந்தம் மனிதர்களின் எண்ணிக்கையை மட்டும் பங்கிடவில்லை. திரும்புவோர் தம் சேமநிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளை எடுத்துச்செல்ல அனுமதிக்கப்படுவர் என்றும், ஒரு குடும்பம் எடுத்துச்செல்லக்கூடிய உச்ச அளவு 4000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றும் அதில் எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்த ஒரு குடும்பத்தின் சேமிப்பு, இரண்டு அரசுகளின் அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்ட தொகையாகத்தான் கடலைத் தாண்டியது. 2022இல் இலங்கையின் நாணயம் சரிந்து, அவ்வாண்டு மார்ச் முதல் மன்னார்ப் பகுதியிலிருந்து படகேறி வந்தவர்கள் அதே மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டபோது, டாலருக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த இலங்கை ரூபாய் சில மாதங்களிலேயே 360ஐ எட்டியிருந்தது. எந்த நாட்டில் சேமிப்பது என்பதோடு எந்த நாணயத்தில் சேமிப்பது என்பதும் பிழைப்பைத் தீர்மானிக்கும் என்பதற்கு இக்கடற்கரையில் இதைவிட அருகான சான்று இல்லை.

இன்றைய வளைகுடாவில் கணக்கைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் தொழிலாளி அல்லர். ஐக்கிய அரபு அமீரகம் 2009இலும், சவூதி அரேபியா 2013இலும், கத்தார் 2015இலும் ஊதியப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தன. ஊதியத்தை ரொக்கமாகக் கையில் கொடுக்காமல், அரசு கண்காணிக்கக்கூடிய வகையில் வங்கி வழியாகவோ, அமீரகத்தைப் போல அனுமதி பெற்ற நாணய மாற்று நிறுவனங்கள் வழியாகவோ செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். மாதக்கணக்கில் சம்பளம் தராமல் இழுத்தடித்த முதலாளிகளைக் கட்டுப்படுத்தப் பிறந்த இந்த முறை, ஏழைத் தொழிலாளிக்கு நேர்ந்த உண்மையான நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் குறைந்த ஊதியம் பெறுவோரிடம் இது பெரும்பாலும் வங்கிக் கணக்காக வந்துசேராமல் சம்பள அட்டையாக வந்துசேர்கிறது. அட்டையில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். சம்பளம் ஏறியதும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். தானியங்கி இயந்திரத்தில் பணம் எடுக்கலாம். ஆனால் அத்தகைய அட்டைகள் பலவற்றில் வேறொருவர் பணம் போட வழியில்லை. சேமிப்புக்கென்று பிரித்துவைக்க இடமில்லை. வேலை மாறினால் அட்டையும் மாறும். சம்பள நாள் மாலையில் தொழிலாளர் குடியிருப்பின் இயந்திரத்தின் முன் வரிசை நீள்வதும், ஏறிய தொகை முழுவதையும் அன்றே எடுத்துவிடுவதும் இதனால்தான். பணம் தங்குவதற்கு இடம் தராத அட்டையில் அதைத் தங்கவைக்க யாருக்கும் மனம் வராது.

அட்டையிலிருந்து கணக்குக்கு மாற விரும்புபவர் முன் வேறு தடைகள் நிற்கின்றன. அமீரகத்தில் பல வங்கிகள் சாதாரணக் கணக்குக்கு 3000 திர்ஹம் சராசரி இருப்பை நெடுங்காலமாக எதிர்பார்த்து, குறைந்தால் மாதந்தோறும் கட்டணம் பிடித்துவந்தன. கட்டுமானத் தொழிலாளிக்கு அது சில மாதச் சம்பளம். அந்தத் தடையைத் தாண்டிக் கணக்கு வைத்திருப்பவருக்கு மறுபுறத்தில் கடன் காத்திருக்கிறது. வங்கியில் சம்பளம் ஏறுவதைக் காட்டி எளிதில் தனிநபர் கடன் கிடைக்கிறது. கடன் இருக்கும்வரை சம்பளமும், வேலை முடியும்போது வரும் பணிக்கொடையும் அதே கணக்குக்கு வந்தாக வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கப்படுகிறது. அமீரகச் சட்டப்படி பணிக்கொடை என்பது முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் சம்பளமும் ஆகும்; பத்தாண்டு உழைத்தவருக்கு ஊரில் வீட்டின் கூரையை முடித்துக்கொள்ளப் போதுமான தொகை அது. வேலை முடிந்தது என்ற செய்தி வங்கிக்கு எட்டியவுடன், நிலுவைக் கடனுக்கு ஈடாக அந்தத் தொகை நிறுத்திவைக்கப்படலாம். ஆகவே புதிய நாட்டுக் கணக்கை அது திறக்கப்படும் நாளின் சலுகைகளைக் கொண்டு மதிப்பதைக் காட்டிலும், வேலை போன நாளில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கொண்டு மதிப்பதே முறையாகும். ஊதியம் ஏறும் கணக்கும் சேமிப்பு தங்கும் கணக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

சேமிப்பு தங்கவேண்டிய இடம் பெரும்பாலோருக்கு ஊரில்தான் இருக்கிறது. அங்கேதான் தேர்வு உண்மையில் அவர் கைக்கு வருகிறது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வேலைக்காக வெளிநாடு சென்றவர் உள்நாட்டில் வசிப்பவருக்குரிய சாதாரண சேமிப்புக் கணக்கைத் தொடர்ந்து வைத்திருக்க இயலாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். என்.ஆர்.ஓ. என்பது வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தியாவில் கிடைக்கும் வாடகை, குத்தகை போன்ற வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கு. அதன் வட்டிக்கு 30 விழுக்காடு வரியும் அதன் மேல்வரியும் முன்கூட்டியே பிடிக்கப்படும். வெளிநாட்டு ஊதியத்துக்கு உரியது என்.ஆர்.இ. கணக்கு. அதில் உள்ள பணம் ரூபாயில் இருக்கும், வட்டிக்கு வருமான வரி இல்லை, விரும்பும்போது முழுவதையும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லலாம். ரூபாயின் மதிப்பு குறையும் என்று அஞ்சுபவர் எஃப்.சி.என்.ஆர். எனப்படும், டாலர் முதலிய வெளிநாட்டு நாணயத்திலேயே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை வைக்கும் வைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். திர்ஹமும் ரியாலும் டாலரோடு கட்டிவைக்கப்பட்டவை. 2010இல் ஏறத்தாழ 12 ரூபாயாக இருந்த ஒரு திர்ஹம் 2024இல் 22 ரூபாயைத் தாண்டிவிட்டது என்பதைக் கவனித்தால், எல்லாவற்றையும் உடனே ரூபாயாக்கி அனுப்பிவிடுவதே நல்லது என்ற பழக்கத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கத் தோன்றும்.

இத்தனை வழிகள் இருந்தும் பலர் பழைய கணக்கையே மாற்றாமல் வைத்திருக்கிறார்கள், அல்லது உண்டியலை நாடுகிறார்கள். இன்று உண்டியல் என்றால் அங்கே ஒருவரிடம் திர்ஹமைக் கொடுத்தால் இங்கே அவருடைய ஆள் வீட்டு வாசலில் ரூபாயைக் கொடுக்கும், சட்டத்துக்குப் புறம்பான ஏற்பாடு என்று பொருள். விடுமுறை நாளன்றும் வேலை நடக்கும், விகிதம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும், படிவம் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை என்பன அதன் ஈர்ப்புகள். ஆனால் அவ்வழியில் வந்த பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் துண்டுச் சீட்டுகூட இல்லை. நிலம் வாங்கும்போதோ வங்கியில் பெரிய தொகை கட்டும்போதோ வருமானத்தின் மூலத்தைக் காட்ட முடியாமல், நேர்மையாக உழைத்த ஒருவர் குற்றம் செய்தவரைப் போல நிற்க நேர்கிறது. சட்டமோ தொடர்புடைய தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சிங்கப்பூரின் பேநவ் சேவையும் இந்தியாவின் யூ.பி.ஐ. சேவையும் 2023 பிப்ரவரி 21ஆம் நாள் இணைக்கப்பட்டபின், பங்கேற்கும் வங்கிகளில் கணக்குள்ளவர் கைப்பேசி வழியாகச் சில நொடிகளில் ஊருக்குப் பணம் அனுப்ப முடிகிறது. அனுப்பும் செலவை 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை 2030ஐ இலக்காக வைத்திருக்கிறது. இத்தகைய வழிகள் வளைகுடாத் தொழிலாளியின் சம்பள அட்டைக்கும் எட்டினால் உண்டியலின் தேவை தானாகக் குறையும். அதிகாரிகளின் சோதனைகளைவிட இதுவே நிலையான தீர்வு.

இந்த வட்டாரத்தில் கணக்கைத் தேர்ந்தெடுப்பதில் மனச்சான்றுக்கும் ஓர் இடம் உண்டு. வட்டியை விலக்கப்பட்டதாகக் கருதும் முஸ்லிம்கள், வளைகுடாவிலும் மலேசியாவிலும் அதற்கேற்ற வங்கிகளைக் காண்கிறார்கள். 1975இல் தொடங்கப்பட்ட துபாய் இஸ்லாமிய வங்கியும், 1983இல் தொடங்கப்பட்ட பேங்க் இஸ்லாம் மலேசியாவும் முதாரபா என்னும் முறையில் செயல்படுகின்றன. வங்கி வைப்பாளரின் பணத்தைத் தொழிலில் இட்டு, வரும் இலாபத்தை முன்பே ஒப்புக்கொண்ட விகிதத்தில் பகிர்வது அம்முறை. மலேசியாவில் 1963இல் உருவான ஹஜ் சேமிப்பு நிறுவனம், தாபோங் ஹாஜி, சிறுகச் சிறுகச் சேர்ப்போருக்கும் வட்டி கலவாத இடத்தைத் தந்தது. இந்தியாவிலோ இத்தகைய வங்கிச் சேவையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவெடுத்திருப்பது 2017இல் தெரியவந்தது. எனவே ஊர் திரும்பும் பணம் அதே ஒழுக்கத்தோடு தங்க இடமில்லை. சிலர் வட்டியில்லாத நடப்புக் கணக்கில் வைக்கிறார்கள். சிலர் சேரும் வட்டியைத் தனியே கணக்கிட்டு ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் ஜமாஅத்துகளை ஒட்டி இயங்கும் பைத்துல்மால் என்னும் பொதுநிதிக்குத் தந்து, அது வட்டியில்லாக் கடனாக ஊருக்குள் சுழல்வதில் நிறைவு காண்கிறார்கள். ஆண்டுதோறும் பணவீக்கம் தின்னும் பங்கை அறிந்தே இந்த இழப்பை ஏற்கும் ஒருவரை நிதி அறிவு இல்லாதவர் என்று ஒதுக்குவது பெரிய தவறு. கணக்கைப் பற்றிய எந்த அறிவுரையும், பணத்தைக் கொண்டு அவர் எப்படிப்பட்ட மனிதராக இருக்க விரும்புகிறார் என்பதற்கு மதிப்பளித்த பின்னரே அவர் காதில் விழும்.

எல்லாவற்றிலும் கடினமானது, கணக்கு யார் பெயரில் என்பது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் பல வீடுகளில் மனைவியின் கணக்குக்கோ, அண்ணனின் கணக்குக்கோ, தந்தையின் கணக்குக்கோ நேராகச் செல்கிறது. 2014இல் தொடங்கிய ஜன்தன் திட்டமும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் பெண்கள் பலருக்கு முதன்முறையாக வங்கிக் கணக்கைக் கொடுத்தன. 2023 செப்டம்பர் முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1000 ரூபாய் அத்தகைய கணக்குகளில் வந்து விழத் தொடங்கியது. அதே கணக்குக்குக் கணவரின் திர்ஹமும் வந்துசேரும்போது, சட்டத்தின் பார்வையில் இரண்டும் அவளுடைய பணமே. அனுப்பியவர் தாம் சேமித்ததாக நினைத்துக்கொண்டிருக்க, சட்டப்படி அவர் கொடுத்துவிட்டவர் ஆகிறார். அண்ணன் பெயரில் சேர்ந்த பணம் பங்காளிகளிடையே வழக்காவது இதனால்தான். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாக் கணக்குகளும் கணவரின் பெயரில் இருந்து, மனைவியிடம் நெகிழிக் கவரில் சுற்றிய பாஸ்புத்தகமும் பணம் எடுக்கும் அட்டையும் மட்டும் இருக்கும் வீட்டில், கணவருக்கு வெளிநாட்டில் ஏதேனும் நேர்ந்துவிட்டால், பத்து ஆண்டு குடும்பத்தை நடத்திய பெண் மறுநாள் காலை வங்கியில் அந்நியராக நிற்கிறாள்.

இவ்விரு நிலைகளுக்கும் இடையே வங்கி விதிகள் ஓரளவு வழி வைத்திருக்கின்றன. என்.ஆர்.இ. கணக்கில் இந்தியாவில் வசிக்கும் நெருங்கிய உறவினரை இணைத்துக்கொள்ளலாம். கணக்கின் முதல் உரிமையாளர் உள்ளவரை அவரே இயக்குவார், அவருக்குப் பின் மற்றவர் உரிமை பெறுவார் என்பது அதன் நிபந்தனை. முதல் உரிமையாளர் அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்தால், மனைவி உள்ளூர்ச் செலவுகளுக்கு அக்கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் பிறருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க அந்த அதிகாரம் செல்லாது. நாமினி என்பவர் உரிமையாளர் அல்லர், வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே என்பதும் விளக்கிச் சொல்லப்பட வேண்டிய செய்தி. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகக் குறிக்க முடிகிறது. மனைவிக்கும் தாய்க்கும் இடையே ஒருவரைத் தேர்ந்தெடுக்கத் தயங்கிப் பல ஆண்டுகள் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவைத்தவர்களுக்கு இது உண்மையான விடுதலை. பத்தாண்டுகள் யாரும் கேட்காத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகின்றன. அவற்றைத் தேட 2023இல் உத்கம் என்னும் இணையதளம் அமைக்கப்பட்டது. அங்கே தேடுவதற்கும்கூட இப்படியொரு கணக்கு இருந்தது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே மேசையில் அமர்ந்து எந்தக் கணக்கில் எவ்வளவு, யார் பெயரில், எதற்காக என்று பேசிக்கொள்வது நம்பிக்கைக் குறைவின் அடையாளம் என்று கருதும் கூச்சம் இவ்வூர்களில் ஆழமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தின் விலையைப் பெரும்பாலும் பெண்களே செலுத்துகிறார்கள்.

கணக்கு வைத்திருப்பதையே ஓர் உரிமையாக ஏற்ற நாடுகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை, அங்கே சட்டப்படி தங்கியுள்ள எவரும், நிலையான முகவரி இல்லாதவரும் அடைக்கலம் கோருபவரும் உட்பட, அடிப்படைக் கணக்கு ஒன்றைப் பெறலாம் என்று வகுத்தது. வேலை இல்லை என்பதற்காகவோ முதலில் போடப் பணம் இல்லை என்பதற்காகவோ கணக்கை மறுக்கக் கூடாது என்பது கனடாவின் விதி. வேலை கொடுத்தவரின் கடிதம் இல்லாமலேயே ஒருவர் தம் பெயரில் பணம் வைத்துக்கொள்ள முடிகிறது என்பதே இதன் சிறப்பு. வளைகுடாத் தொழிலாளிக்கு இன்னும் கிட்டாதது அதுதான்.

ஊர் திரும்பும் நாளுக்குரிய செயல்கள் சிலவே, ஆனால் வரிசை மாறக் கூடாதவை. பணிக்கொடை ஏறி, அது ஊருக்கு வந்துசேரும்வரை அங்குள்ள கணக்கை மூடலாகாது. ஒருமுறைக் கடவுச்சொற்கள் கைப்பேசி எண்ணுக்கே வருவதால், அங்குள்ள சிம் துண்டிக்கப்படுவதற்குமுன் வங்கிப் பணிகளை முடித்துக்கொள்ள வேண்டும். மறுபுறம், அங்கே இருக்கும் காலத்தில் ஊர் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அது வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டு, இங்குள்ள வங்கியின் செய்திகள் அறியாத ஒருவரிடம் போய்ச்சேரக்கூடும். திரும்பி வந்தபின் என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்திருக்க இயலாது. தாமதமின்றி அதை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், அல்லது வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்திருக்க விரும்பினால் ஆர்.எஃப்.சி. எனப்படும், திரும்பியவருக்கான வெளிநாட்டு நாணயக் கணக்குக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒரே வங்கியில் ஒருவரின் வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரையே காப்பீடு உண்டு என்பதால், பல ஆண்டுச் சேமிப்பை ஒரே வங்கியில் குவிக்காமல் இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வைப்பது நல்லது. அவ்வாறு பிரிக்கும்போது அவற்றில் ஒன்றையாவது கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காகத் தொடங்கிக்கொள்ளலாம்.